கண்டதையும் கேட்டதையும் என்ன செய்தீர்கள்?



நேற்று சாயங்காலம் 7 மணியிலிருந்து 10 மணிவரைக்கும் நீங்கள் என்னென்ன பார்த்தீர்கள், என்னென்ன கேட்டீர்கள்? டிவியில், ரேடியோவில், பேப்பரில், கையிலிருக்கிற போனில்... ஒரு காகிதத்தை எடுத்து எழுதிப் பாருங்கள். ஐந்து காரியம் எழுத முடிந்தால் உங்களுக்கு நல்ல ஞாபகசக்தி இருக்கிறது. நான் போகிற வீடுகளிலெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "ஏதோ பார்த்தோம் ஐயா, என்னத்தப் பார்த்தோம்னு சொல்லத் தெரியலையே" என்பதுதான் அநேகருடைய பதில்.

மூன்று மணி நேரம்! மூன்று மணி நேரம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தால் ஒரு ரவிக்கை முடிந்திருக்கும். மூன்று மணி நேரம் தோட்டத்தில் நின்றிருந்தால் இரண்டு பாத்தி களையெடுத்து முடித்திருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்த மூன்று மணி நேரத்துக்கு மாத்திரம் கையில் ஒன்றுமில்லை.

"டிவி பார்க்கலாமா, பார்க்கக்கூடாதா?" என்பது நம்முடைய வீடுகளில் பழைய வழக்கு. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ஆரம்பமானது. அதற்குப் பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது, இப்போது எல்லாம் சட்டைப்பைக்குள்ளேயே வந்துவிட்டது. 50 வருஷமாய் நாமும் பார்க்கலாமா, கூடாதா என்றே விவாதம் பண்ணிக்கொண்டிருக்கிறோம். அது வேண்டாத கேள்வி என்று நான் சொல்லவில்லை. அசுத்தமானதைப் பார்க்கக்கூடாது, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் நல்லதையே பார்க்கிறவரும் இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவராயிருக்கிறார். பார்த்ததை என்ன செய்தீர்கள்?

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும்போது அநேகர் கையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கிறது. செய்தியைக் கேட்டுக் குறிப்பு எடுக்கிறோம். வீட்டுக்குப் போய் மறுபடியும் வாசிக்கிறோம், பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். ஒரு மணி நேரச் செய்திக்கு அந்த மரியாதை கொடுக்கிறோமே, மற்ற ஆறு நாளும் கண்ணிலும் காதிலும் வந்து விழுகிற காரியங்களுக்கு ஏன் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை? அதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். கண்ணும் காதும் வாங்குகிறதை கை ஒருதரம் தொடவேண்டும். அப்படித் தொடுகிறதை ஒரு நல்ல பொழுதுபோக்காகவே பழகிக்கொள்ளலாம்.

பைண்டிங் கடையில் இருந்த ஒரு பையன்

இங்கிலாந்து தேசத்தில் 1791-ஆம் வருஷம் ஒரு கொல்லனுடைய வீட்டில் பிறந்தவர் மைக்கேல் ஃபாரடே. பள்ளிப்படிப்பு கொஞ்சம்தான். 14-ஆம் வயதில் லண்டனில் புத்தகம் பைண்டிங் செய்கிற ஒரு கடையில் வேலை பழகச் சேர்ந்தார். தைப்பதற்கு வருகிற புத்தகங்களை அவர் வாசிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப்பற்றிய பகுதி அப்படித்தான் அவர் கண்ணில் பட்டது.

அந்த நாட்களில் அவர் கைக்குக் கிடைத்த புத்தகங்களில் ஒன்று ஐசக் வாட்ஸ் எழுதியது. ஆம், ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான ஞானப்பாட்டுகளை எழுதிய அதே வாட்ஸ்தான். புத்தியை வளர்த்துக்கொள்வது எப்படி என்று அவர் 1741-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். வாசிப்பதோடு நிறுத்தாதே, குறிப்பு எடு, பிறர் பேசுவதைக் கவனித்துக் கேள், சிநேகிதரோடு கலந்து பேசு என்று அதில் ஆலோசனை சொல்லியிருந்தார். ஃபாரடே அதை அப்படியே கைக்கொண்டார்.

1812-ஆம் வருஷம் கடைக்கு வருகிற வாடிக்கையாளர் ஒருவர் அவருக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார். ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானி ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேசுகிற கூட்டங்களுக்கான டிக்கெட். லண்டனில் அந்நாட்களில் அதுதான் பெரிய வேடிக்கை. நெருப்பும் புகையும் வெளிச்சமுமாய் மேடையிலேயே சோதனை செய்து காட்டுவார்கள். ஜனங்கள் நல்ல உடை உடுத்தி வந்து பார்த்து, கைதட்டி, வீட்டுக்குப் போவார்கள். ஃபாரடேயும் நான்கு கூட்டங்களுக்குப் போனார். ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதம் வேறு. கேட்கும்போது முக்கியமான வார்த்தைகளை மாத்திரம் சுருக்கமாய்க் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தபின் ஞாபகத்திலிருந்து விரிவாய் எழுதினார். மேடையில் பார்த்த கருவிகளைப் படமாய் வரைந்தார். 300 பக்கங்களுக்கும் மேலே போயிற்று. தன் தொழில் பைண்டிங் அல்லவா, அதைத் தானே அழகாய் பைண்ட் செய்தார். அந்த வருஷமே செப்பு நாணயங்களையும் துத்தநாகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த காகிதத்தையும் மாற்றிமாற்றி அடுக்கி, வீட்டிலேயே ஒரு சின்ன மின்கலமும் செய்து பார்த்தார்.

அந்தப் புத்தகத்தை டேவிக்கே அனுப்பிவைத்தார். 1813 மார்ச் மாதத்தில் டேவியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-இல் கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் பிறக்கிறது என்று கண்டுபிடித்தார். மேட்டூரிலும் நெய்வேலியிலும் சுழலுகிற ஜெனரேட்டர்கள் அந்த விதியின்படிதான் சுழலுகின்றன. இன்றைக்கு நம்முடைய வீட்டில் டிவி ஓடுகிறதற்கும், போனுக்குச் சார்ஜ் ஏறுகிறதற்கும் பின்னால், சும்மா பார்த்துவிட்டுப் போகாத அந்தப் பையனுடைய உழைப்பு இருக்கிறது.

இன்னொரு காரியத்தையும் கவனியுங்கள். அதே ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் ஆரம்பமான கிறிஸ்துமஸ் விரிவுரைகளில், பிற்காலத்தில் 19 வருஷங்கள் ஃபாரடேயே நின்று பேசினார். ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து, அது எரிகிற ஒரே காரியத்தைக்கொண்டு பிள்ளைகளுக்கு இரசாயனம் முழுவதையும் விளக்கினார். கேட்க வந்தவர் கொடுக்கிறவரானார். நாம் எல்லாரும் ஃபாரடே ஆகப்போவதில்லை. ஆனால் நான்கு கூட்டத்தில் கேட்டதை ஒரு நோட்டில் எழுதுவதற்கு ஃபாரடேயாய் இருக்கவேண்டிய அவசியமும் இல்லை.

நம்முடைய மண்ணிலும் இருந்தார்கள்

இது வெள்ளைக்காரருடைய பழக்கம் என்று நினைக்காதிருங்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை இருந்தார். பிரெஞ்சுக்காரர் துய்ப்ளேக்ஸ் கவர்னராயிருந்த காலத்தில் அவருக்கு துபாஷியாயிருந்தவர். 1736 முதல் 1761-இல் மரிக்கும் காலம்வரை 25 வருஷம் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு வந்தது, கவர்னர் என்ன சொன்னார், ஊருக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்... அவருக்கு டிவி இல்லை, பேப்பர் இல்லை. துறைமுகத்துச் செய்தியும் வாசலில் வந்து சொல்லுகிறவர்களுடைய பேச்சும்தான் அவருக்குக் கிடைத்த செய்தி. அதைக் கேட்டவர்கள் அந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர். அவர்கள் கேட்டதெல்லாம் காற்றோடு போயிற்று. இவர் எழுதினதை வைத்துத்தான் இன்றைக்கும் அந்தக் காலத்து தென்னிந்திய சரித்திரத்தை எழுதுகிறார்கள்.

என் வாலிப நாட்களில் சிற்றலை ரேடியோ கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். மொட்டைமாடியில் செப்புக்கம்பியை இழுத்துக் கட்டி, ராத்திரியில் பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாய்த் திருப்புவார்கள். இலங்கை, லண்டன், மணிலா என்று தூரதேசத்துக் குரல்கள் வரும். அவர்களும் கேட்டவர்கள்தான். ஆனால் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். எந்த அலைவரிசை, எத்தனை மணி, நிகழ்ச்சியில் என்ன சொன்னார்கள், ஒலி எப்படி இருந்தது. இதில் ஒலிக்கு மாத்திரம் ஐந்து எண்கள் போடவேண்டும். ஒலியின் பலம், வேறு நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அதை நிலையத்துக்குத் தபாலில் அனுப்பினால், "நீங்கள் கேட்டது எங்கள் நிலையத்தைத்தான்" என்று உறுதி சொல்லி ஒரு படஅட்டை வரும். அந்த அட்டைக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு பூகோளம் தெரிந்தது, நேரக்கணக்கு தெரிந்தது, கடிதம் எழுதத் தெரிந்தது. பக்கத்து வீட்டில் அதே ரேடியோவைத் திறந்துவைத்துவிட்டுத் தூங்கினவருக்கு இவற்றில் ஒன்றும் சேரவில்லை. பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-இல் நின்றுபோயிற்று. ஆனால் அந்த நோட்டுகளையும் அட்டைகளையும் இன்னும் பெட்டியில் பத்திரமாய் வைத்திருக்கிறவர்களை நான் அறிவேன்.

மறந்த இடத்தில் என்ன நடக்கிறது?

எங்கள் தெருவில் ஒரு தையல்காரச் சகோதரி இருக்கிறார். ராத்திரி சாப்பிட்டபின் அரைமணி நேரம் டிவியோ போனோ பார்ப்பார். யாராவது உடுத்தியிருக்கிற உடையில் ஒரு கழுத்து வெட்டோ, ஒரு கை மடிப்போ கண்ணில் பட்டால் உடனே வரையமாட்டார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஞாபகத்திலிருந்து வரைவார். "அதையே நிறுத்திவச்சுப் பார்த்து வரையலாமே?" என்று கேட்டேன். "அப்படிச் செஞ்சா அது அவங்க டிசைன், ஐயா. மறந்துபோன இடத்துல நான் யோசிச்சு ஏதாவது போடணும்ல, அதுதான் என்னோடது" என்றார்.

எவ்வளவு ஞானமான பதில்! பார்ப்பதை ஒரு படைப்பாய் மாற்றுகிற இரகசியம் இவ்வளவுதான். பார்த்ததில் பாதி மறந்துபோகும். மறந்த பாதியை நம்முடைய சொந்த யோசனையால் நிரப்பும்போது, முன்னே இல்லாத ஒன்று பிறக்கிறது. தொடர்ந்து பார்த்துக்கொண்டேயிருக்கிறவருக்கு மறக்கவும் நேரமில்லை, நிரப்பவும் நேரமில்லை. ஒன்று முடியுமுன்னே அடுத்தது வந்துவிடுகிறது. ஆகையால்தான் அணைத்துவிட்டு எழுதுங்கள், அணைத்துவிட்டு வரையுங்கள் என்று சொல்லுகிறேன்.

இது விளையாட்டுக் காரியம் அல்ல

"ஐயா, இது ஒரு பொழுதுபோக்கு. செஞ்சா செய்யலாம், விட்டா விடலாம். இதுல நியாயம் அநியாயம் எங்க வந்துச்சு?" என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

2018-ஆம் வருஷம், பிள்ளை பிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறது, ஜாக்கிரதை என்று வாட்ஸ்அப்பில் செய்தி பரவிற்று. அந்த மே மாதத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில், உறவினரோடு காரில் குலதெய்வக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்த வயதான ஒரு அம்மா, வழியிலே நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று நினைத்து ஜனங்கள் கூடி அடித்தார்கள். அந்த அம்மா இறந்துபோனார். அந்த வருஷம் தேசத்தின் வேறு பல இடங்களிலும் இப்படி ஜனங்கள் கொல்லப்பட்டார்கள். ஜூலை மாதத்தில் அந்த நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குமேல் அல்லது ஐந்து குழுக்களுக்குமேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அந்தச் செய்தியை அனுப்பினவர்களெல்லாம் கொலைகாரரா? இல்லை. நம்மைப்போல குடும்பஸ்தர்கள். பிள்ளைகள்மேல் பாசமுள்ளவர்கள். கண்ணில் பட்டது, கட்டைவிரல் தள்ளிவிட்டது. நடுவிலே ஒன்றும் நடக்கவில்லை. அதை அனுப்புமுன்னே ஒரு நோட்டில் எழுதவேண்டும் என்கிற பழக்கம் ஒருவருக்கு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "எந்த ஊர்?" என்று எழுதப்போகும்போது ஊர் பெயர் இல்லை என்று தெரிந்திருக்கும். "என்றைக்கு?" தேதி இல்லை. "யார் சொன்னது?" ஆள் இல்லை. பேனா அங்கேயே நின்றிருக்கும். கட்டைவிரலும் நின்றிருக்கும்.

குழாய் வழியாய்த் தண்ணீர் போகிறதுபோல நம் வழியாய் எல்லாம் போகலாமா? நல்ல தண்ணீரும் போகும், சாக்கடையும் போகும், குழாய்க்கு இரண்டும் ஒன்றுதான். நாம் குழாய் அல்ல. நம்மிடத்தில் வருகிறது நம்மிடத்தில் ஒரு நிமிஷம் நின்று போகவேண்டும். நோட்டுப் புத்தகத்தை நான் ஒரு நியாயமான கடமை என்று சொல்லுகிறது இதனால்தான். மெய்யாகவே அயலானுடைய உயிர் அதில் இருக்கிறது.

எப்படி ஆரம்பிப்பது?

முதலாவது, ஒரே ஒரு நோட்டு வாங்குங்கள். விலையுயர்ந்தது வேண்டாம். பள்ளிக்கூட நோட்டு போதும்.

இரண்டாவது, ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. பார்த்த பத்தில், கேட்ட பத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எதைத் தெரிந்துகொள்வது என்று யோசிப்பதே பாதிப் பிரயோஜனம். தேதி, எங்கே பார்த்தேன், யார் சொன்னது என்று முதல் வரியில் எழுதுங்கள். பிறகு என்ன சொன்னார்கள் என்று உங்கள் சொந்த வார்த்தையில் நாலு வரி. கடைசியில், "எனக்கு என்ன தோன்றுகிறது?" என்று இரண்டு வரி. இந்த இரண்டையும் கலக்காதீர்கள். அவர்கள் சொன்னது வேறு, நான் நினைப்பது வேறு.

மூன்றாவது, வாரத்தில் ஒருநாள், எழுதின ஏழில் ஒன்றை எடுத்து ஒரு பொருள் செய்யுங்கள். ஒரு படம், ஒரு சமையல், ஒரு கடிதம், பிள்ளைகளுக்கு ஒரு கதை, தொட்டியில் ஒரு செடி, எதுவானாலும் சரி. கிரிக்கெட் பார்க்கிற வாலிபர்களே, பந்துக்குப் பந்து ஸ்கோர் புத்தகம் எழுதிப் பாருங்கள். ஆட்டத்தில் நீங்கள் இதுவரை பார்க்காததையெல்லாம் பார்ப்பீர்கள். யாரிடத்தில் கற்றீர்களோ அவர் பெயரையும் சொல்லிவிடுங்கள். பிறர் செய்ததை என்னுடையது என்று சொல்வது திருட்டு.

நான்காவது, எழுதினது வேண்டியபோது கிடைக்கவேண்டும். இதற்கு ஜான் லாக் என்ற ஆங்கில தத்துவஞானி ஒரு வழி சொன்னார். 1686-இல் பிரெஞ்சிலும், அவர் மரித்தபின் 1706-இல் ஆங்கிலத்திலும் அது அச்சாயிற்று. நோட்டின் முதல் இரண்டு பக்கத்தை அட்டவணைக்கு ஒதுக்கவேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் முதல் எழுத்தையும், அதற்குப் பின்வரும் முதல் உயிரெழுத்தையும் எடுத்து, அதற்கு நேரே பக்க எண்ணைப் போடவேண்டும். நமக்கு இது இன்னும் சுலபம். நம்முடைய உயிர்மெய் எழுத்தில் இரண்டும் ஒன்றாயிருக்கிறதே! கோபத்தைப்பற்றி எழுதினால் "கோ", கடனைப்பற்றி எழுதினால் "க", மூட்டுவலி வைத்தியம் என்றால் "மூ". பத்து வருஷம் கழித்தும் தேடினால் அகப்படும்.

சில கேள்விகள்

"நாளெல்லாம் உழைச்சு அலுத்து வர்றோம். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தா தப்பா?" தப்பே இல்லை. ஓய்வு வேண்டும். சிரிக்க வைக்கிறதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தூங்குங்கள். எல்லாவற்றையும் எழுதச் சொல்லவில்லை, ஒன்றைத்தான் சொன்னேன். ஆனால் மூன்று மணி நேரம் பார்த்தபின் அலுப்பு குறைந்ததா, கூடினதா என்று நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

"எனக்கு எழுதப் படிக்க அவ்வளவா வராதே?" வாய் இருக்கிறது. ரேடியோவில் கேட்டதை ராத்திரி பேரப்பிள்ளைக்குச் சொல்லுங்கள் அம்மா. "அப்புறம் பாட்டி?" என்று பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல, மறுநாள் இன்னும் கவனமாய்க் கேட்பீர்கள். பிள்ளை எழுதட்டும், நீங்கள் சொல்லுங்கள். நோட்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும்.

"இதையும் நாலு பேருக்குக் காட்டிப் பெருமை தேடுவாங்களே?" தேடுவார்கள். ஆகையால் முதல் ஒரு வருஷம் நோட்டு வீட்டைவிட்டு வெளியே போகவேண்டாம். ஒரே ஒரு ஆளுக்குக் காட்டுங்கள். உங்களைப் புகழாமல், "இது புரியலையே" என்று நேராய்ச் சொல்லுகிற ஆளாயிருந்தால் நல்லது.

பிரியமானவர்களே, கண்ணும் காதும் நாம் சம்பாதித்தவை அல்ல. நேரமும் அப்படியே. இன்று ராத்திரி டிவியையும் போனையும் பத்து நிமிஷம் முன்னதாகவே அணையுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, "இன்னைக்கு என்ன பார்த்த? சொல்லு, கேட்போம்" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லட்டும், நீங்களும் சொல்லுங்கள். பிறகு நோட்டைத் திறந்து முதல் பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள்.